பாதிக்கப்பட்டோர் இயல்: ஒரு வியாபாரியின் அறிமுகம்

திருடனைப் பற்றிக் கேட்டால் நம்மில் ஒவ்வொருவருக்கும் பத்துக் கதை தெரியும். அவன் எந்த ஊர், எப்படிப் பூட்டை உடைத்தான், எத்தனை வருஷம் உள்ளே இருந்தான் என்றெல்லாம் சொல்வோம். பொருளைப் பறிகொடுத்தவன் அதற்குப் பிறகு என்ன ஆனான் என்று கேட்டால் பதில் வராது. இந்த இரண்டாவது கேள்வியையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு படிப்பு உண்டு. ஆங்கிலத்தில் விக்டிமாலஜி என்பார்கள். தமிழில் 'பாதிக்கப்பட்டோர் இயல்' என்று சொல்லலாம்.

அடியேன் வக்கீல் அல்ல, பேராசிரியரும் அல்ல. வந்தவாசிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திரக்கடை நடத்துகிறவன். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் படித்துச் சேர்த்த விஷயங்கள் இவை. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று இதையே தேர்ந்தெடுத்தேன்.

சொல்லின் பிறப்பு

விக்டிம் என்ற சொல் 'விக்டிமா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தெய்வத்துக்குப் பலியிடப்படும் உயிர் என்பது அதன் பொருள். ஆட்டையோ மாட்டையோ குறித்த சொல் பிற்காலத்தில் கொடுமைக்கு ஆளான மனிதனையும் குறிக்க ஆரம்பித்தது.

இதைப் படித்த அன்று எனக்கு நம் யசோதர காவியம் நினைவுக்கு வந்தது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று, சமணர் செய்த நூல். மாரிதத்தன் என்ற அரசன் சண்டமாரி கோயிலில் பலிகொடுக்க ஏற்பாடு செய்கிறான். அபயருசி, அபயமதி என்ற இளம் துறவிகள், அண்ணனும் தங்கையும், நரபலிக்காகப் பிடித்து வரப்படுகிறார்கள். வாளுக்கு முன்னால் நின்றுகொண்டு அபயருசி தங்கள் முற்பிறவிக் கதையைச் சொல்கிறான். மாவினால் செய்த கோழியை உயிருள்ளதாகப் பாவித்து வெட்டியதற்கே எத்தனை பிறவி துன்பப்பட்டோம் என்று விவரிக்கிறான். அரசன் கேட்கிறான், மனம் மாறுகிறான், பலி நிற்கிறது.

இதைக் கொல்லாமைக்கு உதாரணமாகத்தான் எப்போதும் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. பலிக்கு நின்றவர் பேசினார், அதிகாரத்தில் இருந்தவர் உட்கார்ந்து கேட்டார். இந்த நூற்றாண்டில் நீதிமன்றங்களும் சட்டசபைகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு வருவது இதைத்தான்.

பழைய காலத்து ஈடு

பழைய சட்டங்களில் பறிகொடுத்தவனுக்கு நல்ல இடம் இருந்தது. சுமார் 3,700 வருஷத்துக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில் ஒரு விதி உண்டு. கொள்ளையடித்தவன் பிடிபடாவிட்டால், கொள்ளை நடந்த ஊரும் அதன் அதிகாரியும் சேர்ந்து இழந்தவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும். இழந்தவன் தெய்வத்தின் முன் தன் நஷ்டத்தைச் சொன்னால் போதும்.

நம் நாட்டு அர்த்தசாஸ்திரம் வியாபாரிகளைப் பற்றியே பேசுகிறது. வணிகச் சாத்து ஒரு கிராமத்தில் தங்கும்போது சரக்கின் மதிப்பை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரவில் அதில் எது களவு போனாலும் ஊர்த்தலைவன் ஈடு செய்ய வேண்டும். காவல் என்பது ஆள்கிறவன் கொடுத்த வாக்கு. வாக்குத் தவறினால் அவன்தான் பணம் கட்ட வேண்டும். இதைவிடச் சுத்தமான கணக்கு கிடையாது.

பிற்காலத்தில் அரசுகள் பலப்பட்டன. குற்றம் என்பது அரசனுக்கு எதிரான காரியம் என்று ஆயிற்று. தண்டிப்பது அரசு, அபராதம் போவதும் அரசு கஜானாவுக்கு. பழிக்குப் பழி வாங்குவது குறைந்தது, அதுவரை நல்லதுதான். ஆனால் அடிபட்டவன் வழக்கின் சொந்தக்காரன் என்ற நிலையிலிருந்து இறங்கி, 'அரசுத் தரப்பு சாட்சி எண் 1' ஆகிவிட்டான். நார்வே நாட்டு அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977-ல் இதை ஒரு கட்டுரையில் விளக்கினார். தகராறு என்பதும் ஒரு சொத்து, அதை அதற்கு உரியவர்களிடமிருந்து அரசும் தொழில்முறை வக்கீல்களும் எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் வாதம்.

இதற்கு நானே சாட்சி. 1994-ல் தீபாவளிக்கு முன்பு என் கடை ஷட்டரை உடைத்துப் பித்தளைக் குத்துவிளக்கு, அண்டா, குடம், சொம்பு என்று முன்னூறு கிலோவுக்கு மேல் கொண்டுபோனார்கள். இரண்டு மாதத்தில் ஆளும் பிடிபட்டான், பெரும்பாலான சரக்கும் கிடைத்தது. ஆனால் அது வழக்குச் சொத்து. மால்கானாவில், அதாவது போலீஸ் காப்பறையில், இருக்கும், தீர்ப்பு வந்தபிறகுதான் தரமுடியும் என்றார்கள். தீர்ப்பு 2001-ல் வந்தது. அதற்குள் பித்தளை முழுக்கக் களிம்பு ஏறி, பாதி நசுங்கி, பழைய பித்தளை விலைக்குத்தான் போயிற்று. திருடனால் எனக்கு வந்த நஷ்டம் இரண்டு மாதம். மீதி ஏழு வருஷ நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

இப்படி, குற்றத்துக்குப் பிறகு நடைமுறையாலும் மனிதர்களாலும் வரும் அடியை இந்த இயலில் 'இரண்டாம் முறை பாதிப்பு' என்பார்கள். இந்தப் படிப்பிலேயே முக்கியமான கருத்து இதுதான் என்பது என் எண்ணம். முதல் அடி குற்றவாளி கொடுப்பது. இரண்டாவது அடி நாம் கொடுப்பது.

இயல் வளர்ந்த கதை

ஹான்ஸ் ஃபான் ஹென்டிக் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அறிஞர். 1948-ல் குற்றவாளியையும் அவனுக்கு இலக்கானவரையும் சேர்த்து ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். அதே காலத்தில் ருமேனியாவைச் சேர்ந்த வக்கீல் பெஞ்சமின் மென்டல்சன் இதற்குத் தனி இயலே வேண்டும் என்று வாதாடினார்.

ஆரம்பத்தில் இந்தப் படிப்பு போன பாதை அவ்வளவு நல்லதல்ல என்பதையும் சொல்லவேண்டும். குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு பங்கு என்று தராசில் நிறுப்பதே அப்போது பெரிய வேலையாக இருந்தது. மென்டல்சன் பாதிக்கப்பட்டவர்களை அவரவர் 'தப்பின் அளவுப்படி' வகை பிரித்தார். மார்வின் வுல்ஃப்காங் பிலடெல்பியா நகரில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளை ஆராய்ந்தார். அவற்றில் 150-ல் செத்தவரே முதலில் கையை ஓங்கியவர் என்று 1958-ல் எழுதினார். அடிதடிக் கொலைகளுக்கு அது பயனுள்ள தகவல். ஆனால் அதே அளவுகோலைப் பெண்கள் மீதான குற்றங்களுக்குக் கொண்டுபோனபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. எழுந்ததும் நியாயம்.

அதன் பிறகு பாதை திரும்பியது. இங்கிலாந்தின் மார்ஜரி ஃப்ரை அம்மையார் 1950-களில், குற்றத்தால் காயப்பட்டவர்களுக்கு அரசே ஈடு கொடுக்க வேண்டும் என்று எழுதினார். சிறைக் கைதிகளின் நலனுக்காகவும் பாடுபட்டவர் அவர். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதற்கு அவரே உதாரணம். 1963-ல் நியூசிலாந்து இதற்குச் சட்டம் செய்தது. அடுத்த வருஷம் பிரிட்டன் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1973-ல் ஜெருசலேமில் முதல் சர்வதேசக் கருத்தரங்கு கூடியது, 1979-ல் உலகச் சங்கம் உருவானது. 1985 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு பிரகடனம் செய்தது. பாதிக்கப்பட்டவரைக் கருணையோடும் கண்ணியத்தோடும் நடத்துவது, நீதி கிடைக்க வழி, குற்றவாளி தரும் ஈடு, அரசு தரும் ஈட்டுத்தொகை, மருத்துவ, மனநல உதவி ஆகியவை அதன் சாரம்.

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று. இந்தியப் பாதிக்கப்பட்டோர் இயல் சங்கம் 1992-ல் சென்னையில்தான், சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையைச் சார்ந்து தொடங்கப்பட்டது. அத்துறையின் பேராசிரியர் கு. சொக்கலிங்கம் அவர்கள் பின்னாளில் உலகச் சங்கத்துக்கே தலைவராக இருந்தார்.

"அவன் வினை, அனுபவிக்கிறான்"

இனி கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். கஷ்டப்பட்டவரைப் பார்த்ததும் நமக்கு ஏன் குறை சொல்லத் தோன்றுகிறது?

என் கடை உடைந்த மறுநாள் காலை துக்கம் விசாரிப்பது போல இருபது பேர் வந்தார்கள். பதினைந்து பேர் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு பூட்டாப் போட்டிருக்கக் கூடாதா?" இரண்டு பூட்டுதான் போட்டிருந்தேன். அதைச் சொன்னதும், "அப்போ ராத்திரிக்கு ஒரு ஆளை வெச்சிருக்கணும்" என்றார்கள். ஆள் வைத்திருந்தால், "அவனையே நம்பினா எப்படி?" என்றிருப்பார்கள்.

அமெரிக்க உளவியல் அறிஞர் மெல்வின் லெர்னர் இதை 1966-ல் சோதித்துப் பார்த்தார். ஒரு பெண் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதாகக் காட்டி, அதைக் கல்லூரி மாணவிகளைப் பார்க்க வைத்தார். அது நடிப்பு, ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியாது. அவளது வேதனையை நிறுத்தும் வழி கொடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அதைச் செய்தார்கள், அவளை நல்லவிதமாகவே மதிப்பிட்டார்கள். எதுவும் செய்யமுடியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களோ அவளைக் குறைத்து மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்ப நமக்கு ஆசை. ஒன்றும் செய்யாதவனுக்கு அடி விழுந்தது என்று ஒப்புக்கொண்டால் நாளைக்கு நமக்கும் விழலாம். அந்தப் பயத்துக்கு மருந்தாக, அடிபட்டவன் மேல் ஒரு தப்பைத் தேடிப் பிடிக்கிறோம்.

நம் மொழியிலேயே இதன் சாயல் இருக்கிறது. 'பணத்தைப் பறிகொடுத்தான்', 'திருட்டுக் கொடுத்தான்' என்கிறோம். ஏதோ அவனே எடுத்து நீட்டிய மாதிரி!

இதற்கெல்லாம் மேலே, "எல்லாம் அவன் வினை" என்று ஒரு முத்திரை குத்திவிடுகிறோம். வினைக்கொள்கையை நானும் நம்புகிறவன்தான். சமணக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தாய்ப்பாலோடு வருவது. ஆனால் வினை என்பது ஒவ்வொருவனும் தன் கணக்கைத் தான் பார்த்துக்கொள்வதற்காகச் சொன்னது. பக்கத்துக் கடைக்காரன் பேரேட்டைத் திறந்து பார்க்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? அடிபட்டவன் முன்னால் நிற்கும்போது நம் கணக்கில் எழுதப்படுவது அவனுடைய பழவினை அல்ல, நாம் காட்டிய தயையும் காட்டாத தயையும்தான்.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். இளங்கோவடிகள் மூன்று உண்மைகளை நிலைநாட்டவே காப்பியம் செய்தார் என்பது எல்லோரும் அறிந்தது. ஊழ்வினை தவறாமல் வந்து பயன் கொடுக்கும் என்பது அதில் ஒன்று. கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறவிக் காரணமும் நூலில் சொல்லப்படுகிறது. அப்படியானால், "இது ஊழ், நான் என்ன செய்வேன்" என்று பாண்டியன் கையை உதறியிருக்கலாம். அடிகள் அவனை அப்படி விடவில்லையே! அரசாட்சியில் தவறியவனுக்கு அறமே கூற்றுவன் என்பதையும் அதே மூன்றில் சேர்த்தார். பொற்கொல்லன் சொல்லை விசாரிக்காமல் நம்பிய குற்றம் அரசனுடையது, ஊழின்மேல் அதை ஏற்ற முடியாது. கண்ணகி சான்றோடு வருகிறாள். வாயிலோன் அவளைத் துரத்தவில்லை, அரசனிடம் சொல்கிறான். அரசன் உள்ளே வரவிட்டுக் கேட்கிறான். சிலம்பை உடைத்துக் காட்டியதும் தன் பிழையை உணர்ந்து உயிர் விடுகிறான். ஊழும் உண்டு, பொறுப்பும் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்ப முடியாது. இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எழுதியதாக நான் படிக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் நகர்ந்த விதம்

1898-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, அபராதத் தொகையிலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1973 சட்டத்தில் அதுவே 357-ம் பிரிவாகி, அபராதம் விதிக்காத வழக்கிலும் ஈடு கொடுக்கச் சொல்லலாம் என்று விரிந்தது. ஆனால் நீதிமன்றங்கள் அதை அபூர்வமாகத்தான் பயன்படுத்தின. லாரி மோதி இறந்தவர்கள் பற்றிய ஒரு வழக்கில் 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், செத்தவர் குடும்பத்தின் துயரத்தை நம் சட்டம் கண்டுகொள்வதே இல்லை என்று வருந்தி எழுதினார். 2013-ல் உச்ச நீதிமன்றம், ஈடு பற்றி ஒவ்வொரு வழக்கிலும் யோசித்துக் காரணம் எழுதியே ஆகவேண்டும் என்று சொன்னது.

பெண்கள் விஷயத்தில் மாற்றம் இன்னும் வலியோடு வந்தது. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிப் பெண் காவல்நிலையத்திலேயே சீரழிக்கப்பட்டாள். உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை என்பவற்றையெல்லாம் காரணமாகக் காட்டி 1978-ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதையடுத்து நாடெங்கும் எழுந்த போராட்டத்தின் பலனாக 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று ஆனதும் அந்தத் திருத்தத்தில்தான்.

2009 டிசம்பர் 31 அன்று அமலுக்கு வந்த திருத்தம் பெரியது. 'பாதிக்கப்பட்டவர்' யார் என்று சட்டம் முதன்முறையாக விளக்கம் சொன்னது. ஒவ்வொரு மாநிலமும் ஈட்டுத்தொகைத் திட்டம் வைக்க வேண்டும் என்று 357-ஏ பிரிவு வந்தது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் இதில் மனுச் செய்யலாம். கிட்டத்தட்ட ஹம்முராபி கணக்குக்கே திரும்பி வந்திருக்கிறோம்! விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமையும் அப்போது கிடைத்தது.

2012 டிசம்பர் 16 தில்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு ஒரே மாதத்தில் அறிக்கை தந்தது. 2013-ல் சட்டம் கடுமையானது. பாலியல் கொடுமைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு எந்த மருத்துவமனையும், தனியார் ஆனாலும், உடனே இலவசச் சிகிச்சை தரவேண்டும் என்று வந்தது. ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில், அதே 2013-ல் உச்ச நீதிமன்றம் குறைந்தது 3 லட்சம் ரூபாய் தரவேண்டும், அதில் 1 லட்சம் பதினைந்து நாளுக்குள் தரவேண்டும் என்றது. 2018-ல் தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் பெண்களுக்கான திட்டம், உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் வரை, ஆசிட்டால் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் வரை என்று நிர்ணயித்தது.

பொருளைப் பறிகொடுத்தவர்களுக்கும் விடிவு வந்தது. 2002-ல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருளைப் பட்டியல் எழுதி, போட்டோ எடுத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் உரியவரிடம் கொடுங்கள், பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் காவல்நிலையத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. என் அண்டாக்களுக்கு அது ஒரு வருஷம் பிந்தி வந்த தீர்ப்பு. மற்றவர்களுக்காவது உதவட்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. நமக்கு வேண்டிய பிரிவுகளை மட்டும் சொல்கிறேன். 173: எந்தக் காவல்நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது, எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். 179: பெண்களையும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களையும் விசாரணைக்குச் சாட்சியாகக் காவல்நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்கள் வீட்டுக்கு வந்துதான் கேட்கவேண்டும். 193: புலன்விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். 396: ஈட்டுத்தொகைத் திட்டம். 397: இலவசச் சிகிச்சை. 497: வழக்குச் சொத்தைச் சீக்கிரம் விடுவிப்பது.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு

சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு, ராத்திரி பதினோரு மணிக்குக் காவல்நிலைய வாசலில் நிற்பது வேறு. அதுவும் நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, அது மொழி. பேச்சு ஹிந்தி தெரிந்தால் காய்கறி வாங்கலாம். கூட்டத்தில் கழுத்துச் சங்கிலியை இழந்த அம்மாள் நடுங்கிக்கொண்டே சொல்வதை, எழுதுகிறவர் தன் நடையில் எழுதிக்கொள்கிறார். தில்லியில் எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட நடை ஹிந்திக்காரர்களுக்கே புரியாத உருது, பாரசீகச் சொற்கள் நிறைந்தது. 2019-ல் தில்லி உயர் நீதிமன்றமே, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற வார்த்தையில் எழுதுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொருளின் விவரம், எடை, நேரம் மூன்றையும் சரிபாருங்கள். மூன்று வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த மூன்றைத்தான்.

இப்போது வந்திருக்கும் ஆபத்து டெலிபோன் வழியே வருகிறது. நம் வட்டாரத்தில் ஒரு பெரியவர், மத்திய அரசில் பொறுப்பான பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி அவரை இரண்டு நாள் செல்போன் திரைக்கு முன்னாலேயே உட்கார வைத்து, சேமிப்பில் பெரும்பகுதியை வாங்கிவிட்டார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. இதுபோன்ற மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே சொன்னால், பணம் கைமாறிப் போவதற்குள் வங்கிகளில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆனால் அவர் பதினேழு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "படிச்சவன், இவ்வளவு பெரிய உத்தியோகம் பார்த்தவன், இப்படியா ஏமாறுவான்னு பசங்க கேட்பாங்களே, நைனார்" என்றார். பதினேழு நாளும் அவர் வாயைக் கட்டியது மோசடிக்காரன் அல்ல. பிள்ளைகளும் நாமும் என்ன சொல்வோம் என்ற பயம்தான். பணம் போனதற்குத் திருடன் காரணம். திரும்பி வரும் வாய்ப்புப் போனதில் நம் நாக்குக்கும் பங்கு உண்டு.

சாலை விபத்துக்கும் ஒரு வார்த்தை. மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் ஈடு உண்டு. மனுவைத் துணைக்கோட்ட அதிகாரி அல்லது தாசில்தாரிடம் கொடுக்க வேண்டும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-ல் உறுதிசெய்தது. 2019-ல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்ந்தது. "நமக்கேன் வம்பு" என்று சொல்ல இனிமேல் சட்டத்தில் இடமில்லை.

நம் சங்கம் செய்யக்கூடியவை

விழா எடுப்பதும் பட்டிமன்றம் நடத்துவதும் நல்லவையே. அவற்றோடு இந்தச் சின்ன வேலைகளையும் சங்கம் ஏற்கலாம் என்று பெரியோர்களிடம் விண்ணப்பம் செய்கிறேன்.

முதலாவது, கூடவே போக இரண்டு பேர். உள்ளூர் மொழியை எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்மணி. புகார் கொடுக்கப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே பாதி பயம் போய்விடும்.

இரண்டாவது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தின் விலாசமும் தொலைபேசி எண்ணும் சங்க அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். ஈட்டுத்தொகைக்கு மனுக் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். இலவச வக்கீலும் பெண்களுக்கு அங்கே கிடைப்பார்.

மூன்றாவது, வாட்ஸப் குழுவில் கட்டுப்பாடு. பாலியல் கொடுமைக்கு ஆளானவர் பெயரையோ படத்தையோ அனுப்புவது தண்டனைக்குரிய குற்றம். மற்ற விஷயங்களிலும், எந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர்கள் சம்மதம் இல்லாமல் பரப்ப வேண்டாம்.

நான்காவது, மன்னிக்கச் சொல்லி நெருக்காமல் இருப்பது. இரண்டு பக்கமும் நம் ஜனம் என்று வந்துவிட்டால், "போகட்டும், விட்டுடுங்க" என்று பஞ்சாயத்துப் பேசப் பத்துப் பேர் கிளம்புவார்கள். மன்னிப்பைப் பெரிய அறமாகக் கொண்டாடும் மரபு என்னுடையது. வருஷத்துக்கு ஒருநாள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்போம். ஆனால் அங்கே கேட்பது தவறு செய்தவன் கடமை, கொடுப்பது கொடுப்பவர் விருப்பம். மூன்றாம் மனிதன் வந்து வசூல் பண்ணுகிற பொருள் அல்ல அது.

ஐந்தாவது, நான் மிக வேண்டிக்கொள்வது. பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி "எப்படி நடந்தது?" என்றோ "ஏன் கவனமாக இல்லை?" என்றோ இருக்க வேண்டாம். "சாப்பிட்டீர்களா? ராத்திரி தூக்கம் வந்ததா? நாளைக்கு ஸ்டேஷனுக்கு நான் வரட்டுமா?" என்று கேளுங்கள். இதற்குச் சட்டம் தேவையில்லை, செலவும் இல்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை போங்கள். முதல் நாள் எல்லோரும் வருவார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீடு வெறிச்சோடிப் போகும்.

கூடவே போகும் இரண்டு பேரில் ஒருவராக என் பெயரை எழுதிக்கொள்ளும்படிச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பெண்மணி ஒருவர் முன்வந்தால் அடுத்த செயற்குழுவிலேயே தொடங்கிவிடலாம். ஞாயிறு மத்தியானம் தவிர மற்ற நாளில் கடையில்தான் இருப்பேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.